சகலனின் டயரும் நாலு தேசிக்காயும்

வாகரையிலிருந்து திருகோணமலைக்கு எழுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வெள்ளிக்கிழமை விடியுமுன்னர் கெப் வண்டியை எடுத்தபோது பின்தட்டில் ஐந்து கூடை நண்டு இருந்தது, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, மனத்துக்குள் என் சகலன் பாலேந்திரனின் டயர் இருந்தது. மூன்றிலும் கடைசியானதுதான் பாரம்.

பாலேந்திரன் என் மனைவியின் தங்கை சுகந்தியைக் கட்டியவர். திருகோணமலை நகரத்தில் வீடு. என்னிடம் உள்ள அதே கெப்தான் அவரிடமும், நிறம்கூட ஒன்றே. தொழிலும் ஒன்று. நான் வாகரைக் கடலேரிக் களப்பிலும் அவர் குச்சவெளிக் களப்பிலும் நண்டு வாங்கி, நிலாவெளியில் ஒரே ஹோட்டலுக்குக் கொடுக்கிறோம். போன மாதம் அவர் சேற்றில் ஓடவென்றே செய்த நாலு மட் டயர் பூட்டி, படம் எடுத்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். விரல் நுழையும் இடைவெளியோடு கொழுத்த கொழுத்த பற்கள். கெப்பே ஒரு முழம் உயர்ந்துவிட்டதுபோல் நின்றது. என் மனைவி அந்தப் படத்துக்கு இதயம் போட்டாள். என் கெப்புக்கு அவள் ஒரு நாளும் இதயம் போட்டதில்லை.

எனக்கும் டயர் தேவைதான். களப்புக் கரையிலிருந்து பெரிய வீதிக்கு வர மூன்று கிலோமீற்றர் வெறும் களிமண். மழை விழுந்தால் என் மொட்டை டயர் நின்ற இடத்திலேயே சுழலும். அதைத் தாண்டிவிட்டால் நிலாவெளி வரை வழுவழுவென்று காபட் போட்ட தார் வீதி. இரண்டுக்கும் பொருந்துகிற டயர் வாங்க வேண்டும். ஆனால் நான் மனத்தில் வாங்கி வைத்திருந்தது சகலனுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிய மட் டயர்.

வெருகல் பாலம் தாண்டும்போது பொழுது வெளித்தது. இரு புறமும் விதைப்புக்கு உழுத வயல்கள். கிண்ணியாப் பாலத்தில் வேகத்தைக் குறைத்தேன். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறு பக்கம் தம்பலகாமக் குடா, நடுவில் காற்று. போகாதவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம். அன்று எனக்கு எதிரே வந்த வாகனங்களின் டயர் மட்டும்தான் தெரிந்தது.

ஏழு மணிக்கு முன்னர் ஹோட்டலுக்குப் போய்விட்டேன். சகலனின் கெப் ஏற்கெனவே நின்றது. கொள்வனவு மனேஜர் இருவரையும் ஒன்றாக வைத்துச் சொன்னார்.

"மாரி மழைக்கு ஹோட்டலுக்கு வாற சனம் குறைவு. ரெண்டு பேரிட்டயும் எடுக்கேலாது. மழையெண்டாலும் ஏழு மணிக்கு முன்னம் நண்ட உயிரோட ஆர் கொண்டு வாறீங்களோ, அவரிட்டத்தான் எடுப்பன்."

சகலனைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அவருக்கென்ன, குச்சவெளி கூப்பிடு தூரம். டயரும் புதிது.

சகலனும் பின்னால் வர, நகரத்துக்கு வந்து, கண்டி வீதியில் அவர் டயர் வாங்கிய அதே கடையில், மொட்டை டயரைக் கழற்றச் சொல்லி என் கெப்பை விட்டேன். கடைக்காரர் கிண்ணியாக்காரர், எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் என்று அர்த்தம். மத்தியானத்து நண்டு எடுக்கச் சகலன் திரும்பவும் குச்சவெளிக்குப் போனார். கூட வாருங்கள் என்றார். ஏறினேன். அந்த டயர் என்னதான் செய்கிறது என்று பார்க்கத்தான் ஏறினேன்.

நன்றாகவே செய்தது. குச்சவெளிக் களப்போரச் சேற்றில் அச்சு வரை இறங்கி, முக்காமல் முனகாமல் ஏறி வந்தது. என் வயிறு எரிந்தது. ஆனால் காபட்டில் ஏறியதும் நெல் ஆலைக்குள் இருப்பதுபோல் ஒரே இரைச்சல். கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"அண்ணன், நீங்க மட் டயர் வாங்காதேங்கோ!"

"ஏன்?"

"உங்கட ஓட்டத்தில தார் வீதிதானே கூடுதல். இது சரிவராது."

தனக்கு மட்டும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார் என முடிவு கட்டினேன். அந்த நிமிடமே, ஒரு சுற்று அல்ல, இரண்டு சுற்றுப் பெரியதாக வாங்குவது என்றும் தீர்மானித்தேன்.

நகரத்தை நெருங்கும்போது மழை தூறியது. உட்துறைமுக வீதியில், புல்லில் நின்ற மான் ஒன்று சாவகாசமாக வீதிக்கு இறங்கியது. திருகோணமலை மான்களுக்கு வாகனம் என்றால் ஒரு மதிப்பும் இல்லை. சகலன் பிரேக் அடித்தார். சில்லுச் சுழல்வது நின்றது, கெப் நிற்கவில்லை. சவர்க்காரம் கைநழுவியதுபோல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய், மானுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மான் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது. சகலன் என்ஜினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களே? சேத்துக்க ராசா, நனைஞ்ச தார்ல பிடிக்காது. மழைக்க நாப்பதுக்கு மேல நான் ஓடுறதில்ல."

"அப்ப மாரிக்கு ஏழு மணிக்கு எப்பிடிப் போவீங்க?"

"அதுதான் யோசினை. ஆசைப்பட்டுப் பூட்டினனான், உடன கழட்டவும் மனமில்ல. நீங்களாவது பாத்து வாங்குங்கோ."

ஹோட்டலின் நண்டு ஓடர் யாருக்கு என்று தெரியாத நேரத்தில் இதை என்னிடம் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? நான் என்றால் சொல்லியிருப்பேனா? டயர்மேல் பட்ட பொறாமை போதாதென்று, இப்போது அவருடைய மனத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

கடையில் நானா முதலில் மட் டயரைத்தான் உருட்டி வந்தார்.

"சகலன்ட அதே சாமான் தம்பி. பூட்டினா ரெண்டு பேரும் சோடியா ஓடலாம்."

சோடியாகவா! வேறு காட்டச் சொன்னேன். தார், களி இரண்டுக்கும் பொதுவான ஏ.டீ. டயர் வந்தது. நடுப் பற்கள் நெருக்கமாக இருந்ததால் தாரில் நன்றாகப் படியும். பற்களின் மேல் மயிர்க்கோடுபோல் கீறல்கள், மழைத் தண்ணீரில் பிடிப்பதற்கு. ஓரத்தில் மட்டும் அகன்ற வெட்டுகள், களிக்கு. சேற்றில் மட் டயருக்கு ஈடாகாது, ஆனால் என் மூன்று கிலோமீற்றருக்குப் போதும். ஒன்று எழுபத்தெட்டாயிரம் ரூபாய். நாலும் பூட்டச் சொன்னேன்.

"டயர்ல ஒரு பக்கம் வெள்ளை எழுத்து, மற்றப் பக்கம் கறுப்பு. எதை வெளியில விட?" என்றார் நானா.

வெள்ளைதான் என்று வாய் வரை வந்தது. பக்கத்தில் சகலன் நின்றார்.

"கறுப்பு. எனக்கு உந்த ஆடம்பரம் எல்லாம் வேண்டாம்," என்றேன், அவருக்குக் கேட்க.

என் வீடு தெற்கே இருக்க, வடக்கே சல்லிக்குப் போனோம். புது டயருக்கு முன்னால் தேசிக்காய், எலுமிச்சைதான், வைத்து நசிப்பதென்றால் சல்லி அம்மன் கோயிலில்தான் வைக்க வேண்டும் என்று சுகந்தி சகலனிடம் நாலு தேசிக்காய் கொடுத்துவிட்டிருந்தாள். கோயிலடி முழுக்கக் கடல் மணல். சகலன் எங்கிருந்தோ நாலு தட்டைக் கல் பொறுக்கி வந்தார்.

"கல் என்னத்துக்கு?"

"என்ர டயருக்கு மணலில வச்சனான் அண்ணன். நாலும் புதைஞ்சு போச்சு, ஒண்டும் நசியல்ல. உங்களுக்கு அப்பிடி வரக் கூடாது."

வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு, ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் கல்லை வைத்து, அதன் மேல் தேசிக்காயை வைத்தார். நான் கெப்பை மெல்ல எடுத்தேன். நாலும் நசிந்தன. என்னைவிட அவருக்குத்தான் சந்தோசம்.

திரும்பும்போது வெருகலில் பெருமழை. கெப் வீதியைக் கௌவிக்கொண்டு போனது, உள்ளே இரைச்சல் இல்லை. வாகரைக் களியிலும் கொஞ்சம் உறுமிவிட்டு ஏறியது.

மாரி தொடங்கிய கிழமை, கொட்டுகிற மழையில் நான் ஏழு மணிக்கு முன்னர் நிலாவெளியில் நின்றேன். சகலன் வீட்டிலிருந்து குச்சவெளிக்கும் அங்கிருந்து நிலாவெளிக்கும் நாற்பதில் ஊர்ந்து எட்டரைக்கு வந்தார். மாரி முடியும்வரை ஓடர் எனக்கு என்றார் மனேஜர். சகலன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை குழுவில் படம் வந்தது. மட் டயரை விற்றுவிட்டு, என்னுடைய அதே ஏ.டீ. டயரைப் பூட்டியிருந்தார். வெள்ளை எழுத்து வெளியே, பளிச்சென்று. என் மனைவி இதயம் போட்டாள்.

ஓடர் என்னிடம் இருந்தும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பின்னேரம் யாருக்கும் தெரியாமல் நானாவுக்குப் போன் எடுத்து, டயரைக் கழற்றி எழுத்து வெளியே வரப் பூட்ட என்ன கூலி என்று கேட்டேன்.

நானா சிரித்தார். "எழுத்தைத் திருப்பக் கேட்டுப் போன் எடுப்பீங்களெண்டு, உங்கட டயர் பூட்டின அண்டைக்கே உங்கட சகலன் சொன்னவர், தம்பி. கூலியையும் அவர் தந்திட்டார். வாங்க."