கேட்டைத் திறக்க வேண்டாம் என்ற போலீஸ்காரம்மா

எங்கள் தோட்டம் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சுற்றிலும் தென்னை, நடுவில் வீடு. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் போனில்தான் கூப்பிட வேண்டும், சத்தம் போட்டால் கேட்காது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். வீட்டுக்காரர் தேங்காய் லோடோடு பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். மாமனார் எங்கள் முறைத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வாய்க்கால் பக்கம் போயிருந்தார். நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளை நிறக் கார் ஒன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. கட்டம் போட்ட சட்டையும் வேட்டியுமாக ஐம்பதை ஒட்டிய ஒருவர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சொந்தம் போலத்தான் இருந்தார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அந்தப் பெண், தாங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருவதாகவும் மாமனாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். தாழ்ப்பாள் மேல் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் அதே பேச்சாக இருந்தது. பைக்கில் இரண்டு பேர் வருவார்களாம், தனியாகப் போகிறவர்களை நிறுத்துவார்களாம். ‘நாங்கள் போலீஸ், முன்னால் திருட்டு நடந்திருக்கிறது, நகையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்’ என்று ஒரு கார்டைச் சட்டென்று காட்டிப் பையில் வைத்துவிட்டு, நகையைக் கழற்றச் சொல்லி, அவர்களே காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களாம். வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே ஜல்லிக்கல்தான் இருக்குமாம்.

எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். போலீஸைக் கேள்வி கேட்டால் கோபிப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

“சேச்சி, கேட் திறக்க வேண்டா. முதல்ல இதை நல்லா நோக்குங்க” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

தன் அடையாளக் கார்டைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்தார். போட்டோவைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் பேசுவேன், ஆனால் ரேஷன் கடை போர்டைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். கார்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதை யார் கையிலும் கொடுப்பதில்லை, ஆனால் எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொண்டிருப்பேன் என்றார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, பெயர், பதவி, எந்த ஸ்டேஷன் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கை வலித்திருக்கும். கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

நான் இன்னும் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “கார்டு யாரும் அடிச்சுக்கலாம் சேச்சி. ஸ்டேஷனுக்கு போன் செஞ்சு கேளுங்க. நம்பர் நான் தர மாட்டேன். நான் தந்தா என் ஆளுதானே எடுக்கும்?”

அது எனக்குத் தோன்றியிருக்காது. அவர் நம்பர் சொல்லியிருந்தால் அதையே நம்பிப் போட்டிருப்பேன்.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன். முன்பு ஸ்டேஷனிலிருந்து வீடு வீடாக வந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போன, ஸ்டேஷன் நம்பர் போட்ட தாள் கதவுக்குப் பின்னால் இருந்தது. முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தவரிடம் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, வந்திருப்பவர்கள் தங்கள் ஆட்கள்தான் என்று சொல்லி இரண்டு பேருடைய பெயரையும் கார் நம்பரையும் சொன்னார். ஜன்னல் வழியாக நம்பரை ஒத்துப் பார்த்தேன். எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் வெயிலில் நின்றபடியே இருந்தார்கள். காரில் உட்கார்ந்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். உள்ளே உட்கார்ந்தால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாதே, பயம் கூடும் என்றார் அந்தப் பெண்.

கேட்டைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன். அதுவரை பேசாமல் இருந்த பெரியவர் எலப்புள்ளி ஊர்க்காரர், எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர். “தப்பு ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் இப்படிக் கேட்டாங்கன்னா எங்களுக்குப் பாதி வேலை மிச்சமுங்க” என்றார்.

மோர் கொடுக்கும்போது, மாமாவைப் பார்க்க என்ன விஷயம் என்று அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்கள். வரப்புத் தகராறாக இருக்குமோ, யாராவது புகார் கொடுத்தார்களோ என்று நினைத்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து மாமா மொபெட்டில் வந்தார். போலீஸ் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் எழுந்து நின்று, எனக்குச் சொன்னது போலவே கார்டை நீட்டி முதலிலிருந்து எல்லாவற்றையும் அவருக்கும் படித்துச் சொன்னார். மருமகள் விசாரித்துவிட்டாள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மிணி, நீ போயி மாட்டைப் பாரு.”

மூன்று பேரும் மோட்டார் ரூம் பக்கம் போனார்கள். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். மாமா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவர், படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவரே வந்து என்னிடம் சொன்னார். போட்டோவில் இருந்தது அவருடைய மோதிரம். நான்கு மாதத்துக்கு முன்னால், வாய்க்காலில் பாசி அள்ளும்போது தன் பச்சைக்கல் மோதிரம் நழுவிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைச் சலித்தார். மோதிரம் தண்ணீரில் விழவே இல்லை. வாய்க்கால் கரையில் பைக்கில் வந்த இரண்டு பேர் கார்டைக் காட்டி வாங்கி மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவுக்குப் போலீஸ் என்றால் அவ்வளவு மரியாதை. அவர்களுக்குக் கும்பிடு போட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“நாலு பேத்துக்கு நாயம் சொல்றவன் நானு. இதை எப்படி அம்மிணி ஊட்ல சொல்றது?” என்றார்.

அந்தத் திருடர்கள் பிடிபட்டு, எடுத்த நகைகளில் பலவும் கிடைத்திருந்தன. மாமா புகாரே கொடுக்காததால் மோதிரம் யாருடையது என்று தெரியவில்லை. உள்பக்கம் ஆசாரி அடித்திருந்த முத்திரையை வைத்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏன் யூனிபார்மில் வரவில்லை என்று கேட்டேன். “ஜீப் வந்தா ஊரு முழுக்க எதுக்குன்னு கேட்கும் சேச்சி. சொல்றதும் சொல்லாததும் அவர் இஷ்டம் அல்லவா?” என்றார் அந்தப் பெண். என்னிடம்கூட அவர் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் மகள் வயதை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கும் அவருக்கு. அந்தப் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை.

மாமா அன்றே புகார் கொடுத்தார். மலையாளத்தில் எழுதியதை எலப்புள்ளிக்காரர் தமிழில் ஒருமுறை முழுக்கப் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள். சாயங்காலம் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்து, இரண்டு நாள் சேற்றில் நின்றதை நினைத்துக் கொஞ்ச நேரம் குதித்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். ஆனால் அடுத்த வாரம் பால் சொசைட்டியில் பத்துப் பேர் நிற்கும்போது மாமாவே எடுத்துச் சொன்னார். என் பால் கேனை இறக்கவும் மறந்து நின்றேன். கும்பிடு போட்டதைக்கூட விடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. போலீஸ் என்று யார் வந்தாலும் நின்று கேளுங்கள், ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அசல் ஆளாக இருந்தால் காத்திருப்பார் என்றார்.

அன்று மத்தியானம் ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கு வந்து, தானும் ஒரு செயினை அப்படித்தான் விட்டதாகச் சொன்னார். மறுநாள், கீழ்த்தோட்டத்தில் தனியாக இருக்கிற ஒரு அம்மா வந்தார். இரண்டு பேரும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமா தானே முன்னால் நடந்து இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். அவர்கள் எழுதிக் கொடுத்து முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்று மணிக்கு வந்து சாப்பிட்டார்.