அத்தையின் அம்மா ஏலத்துக்கு வந்த நாள்

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து புறப்பட்டேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டி அணையை ஒட்டிய ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் அன்று பிற்பகல் ஓவியங்கள் ஏலத்துக்கு வருகின்றன. நாடு விடுதலை பெறுவதற்கு முன் வரையப்பட்ட எண்ணெய் வண்ண உருவப்படங்கள். அவற்றுள் ஒன்று என் அத்தையின் தாயாருடையது. அதை வாங்கி வருவதற்காகத்தான் இந்தப் பயணம்.

அத்தை என் தந்தைக்கு ஒன்றுவிட்ட அக்காள். வயது எண்பத்தாறு. இடுப்பெலும்பு முறிந்து, ஒன்றரை ஆண்டாக என் வீட்டில் படுக்கையில் இருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தந்தை போய்விட்டார். தாயும் அவருடைய பதினோராம் வயதில் போனார். தாயாருக்குப் புகைப்படம் கிடையாது. காரணம் கேட்டால், "விதவையை யாருடி போட்டோ எடுப்பா?" என்பார். இருந்தது அந்த ஓவியம் ஒன்றுதான். பூர்வீக வீடு அத்தையின் ஒரு சித்தப்பா வழிப் பேரன்மார் கைக்குப் போய், சென்ற ஆண்டு விற்கப்பட்டபோது, கட்டில், அண்டாவோடு சேர்த்து அதையும் பழைய சாமான் வியாபாரிக்குப் போட்டுவிட்டார்கள். வியாபாரியைத் தேடிப் பிடித்து விசாரித்ததில், படங்கள் எல்லாம் மலைக்கு ஏறிவிட்டதாகத் தெரிந்தது.

"வெள்ளைப் புடவை, தலையில முக்காடு, நெத்தியில ஒண்ணும் கெடையாது. கண்ணு மாத்திரம் நம்மையே பாத்துண்டிருக்கும்," என்று முதல் நாள் அத்தை அடையாளம் சொன்னார். பிறகு உள்நோக்கி வளைந்த தன் இடக்கைச் சுண்டு விரலைக் காட்டினார். "இதைப் பாத்து வச்சுக்கோ. அவளுக்கும் இப்படியேதான். கேட்டியோடி, அவா எத்தனை வெலை பறஞ்சாலும் தர்க்கம் பண்ணாதே. கொண்டு வந்துடு." தன் இரண்டு வளையல்களையும் அவர் முன்பே என்னிடம் கழற்றிக் கொடுத்திருந்தார்.

வண்டி ஓட்டியவர் பக்கத்துச் சித்தூரைச் சேர்ந்த வேலுச்சாமி. இரண்டு நாளுக்கு வாடகை ஏழாயிரம் ரூபாய். சித்தூர் தாண்டிக் கோபாலபுரத்தில் எல்லையைக் கடந்ததும் மழை நின்றது. பொள்ளாச்சியில் காற்று மட்டும் அடித்தது. உடுமலைப்பேட்டையில் காலைச் சிற்றுண்டி. அங்கிருந்து மறையூர் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். சின்னாறு சோதனைச்சாவடியில் மறுபடி கேரளம். மறையூர்ப் பள்ளத்தாக்கில் மழையின் சுவடே இல்லை. சந்தனக் காட்டைக் கம்பி வேலி சுற்றியிருந்தது. வெல்லத்துக்குக் கரும்புப்பால் காயும் கொட்டகையின் ஓரமாக வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம்.

"ஏனுங்க டீச்சரம்மா, செத்துப்போனவங்க படத்தையா ஏலம் உடறாங்க?"

"ஆமாம்."

"எடுக்கறதுக்கு ஆளு வருதுங்களா?"

"வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்களாம்."

"நல்லாருக்குதுங்க போங்க. எங்கூட்ல எங்கப்பன் உசுரோட உக்காந்திருக்கறாரு. ஒருத்தன் திரும்பிப் பாக்கறதில்லீங்க. படமாப் போனாத்தான் கிராக்கியாட்ட இருக்குது."

சிரித்தேன். அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மறையூரிலிருந்து மூணாறு நாற்பது கிலோமீட்டர். பாதி தூரத்தில் மூடுபனி இறங்கியது. பத்தரை மணிக்குப் பங்களாவை அடைந்தபோது தூறலும் குளிரும் சேர்ந்திருந்தன. கீழே அணைநீர் ஈயத்தகடு போலக் கிடந்தது. நுழைவுக்கு ஐந்தாயிரம் ரூபாய் முன்பணம். ஒன்றும் எடுக்காவிட்டால் திருப்பித் தருவார்கள்.

உணவுக்கூடத்துச் சுவர்களில் பதினான்கு படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தலைப்பாகை அணிந்த நீதிபதி, நாயைக் காலடியில் படுக்க வைத்திருந்த தோட்டத் துரை, சரிகை அங்கவஸ்திரத்தில் ஒரு மர வியாபாரி, யாரோ ஒரு சிற்றரசரின் மருமகன். ஒரு காலத்தில் இவர்கள் ஒவ்வொருவரின் முன்னாலும் யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியிருப்பார்கள். இப்போது எல்லாருடைய மூக்குக்கும் நேர் கீழே எண் ஒட்டியிருந்தது. வெள்ளைப் புடவை மட்டும் எங்கும் இல்லை. இரண்டாம் முறை சுற்றி வந்தேன்.

படங்களுக்குக் காவலாக நின்றிருந்தவர் முத்துலட்சுமி. அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். என் ஊரையும் தொழிலையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"வெள்ளைப் புடவையில் ஓர் அம்மா படம் வந்திருக்க வேண்டுமே?" என்று அவரிடம் கேட்டேன்.

"வந்துச்சு டீச்சர். இப்ப இல்ல."

"விற்றுவிட்டீர்களா?"

"விக்கல. கழுவிட்டாங்க."

ஒன்பதாம் எண்ணிட்ட படத்தின் முன் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். பதினாறு, பதினேழு வயதுப் பெண். அரக்குப் புடவை, பின்னலில் தாழம்பூ, வைர மூக்குத்தி, நெற்றி நடுவே குங்குமம். ஓவியர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போன வாய். இவளை எனக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நாற்காலிக் கையின் மேல் படிந்திருந்த இடக்கையைப் பார்த்தேன். சுண்டு விரல் உள்நோக்கி வளைந்திருந்தது.

"மேல எவனோ வெள்ளை அடிச்சு வச்சிருந்தான் டீச்சர்," என்றார் முத்துலட்சுமி. "சுவத்துக்கு அடிச்சது போக மிச்சத்த இதுக்கும் ஒரு கை போட்டுட்டான் போலன்னு நாங்க பேசிக்கிட்டோம். கொச்சிக்குக் கொண்டுபோயி, பஞ்சுல மருந்து தொட்டுத் தொட்டு எடுத்திருக்காங்க. எடுக்க எடுக்க நகையா வந்துச்சாம், பாத்துக்கிடுங்க."

எவனோ தெரியாமல் செய்த காரியம் இல்லை அது. கணவர் இறந்தபின் இந்தப் பெண்ணின் பூவும் பொட்டும் நகையும் எடுக்கப்பட்டன. கூடத்தில் தொங்கிய படத்தில் மட்டும் அவை அப்படியே இருந்தன. கீழே மொட்டைத் தலையோடு அவள் நடமாட, மேலே அவளே சுமங்கலியாகச் சிரித்துக்கொண்டிருப்பதை வீட்டுப் பெரியவர்களால் பொறுக்க முடிந்திருக்காது. ஓவியர் ஒருவரை வரவழைத்துப் படத்துக்கும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். வாயை நேராக்கி, பின்னலை முக்காட்டுக்குள் மறைத்து, கண்ணையும் கையையும் மட்டும் அவர் தொடாமல் விட்டிருக்கிறார். எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் இப்படி நடந்ததாக முன்பு ஒருமுறை கேள்விப்பட்டிருக்கிறேன், நம்பியதில்லை.

முத்துலட்சுமியிடம் இதைச் சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடப் பாவிகளா! படத்துக்குமா தாலி அறுத்தாங்க?"

ஏலம் இரண்டரைக்குத் தொடங்கியது. நீதிபதியை யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் எண் ஐம்பதாயிரத்தில் ஆரம்பமாயிற்று. என்னிடம் இருந்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம். அதுவரை கையைத் தூக்கினேன். அதன்பின் மற்றவர்கள் தூக்கினார்கள். நான்கு லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கு, மலைச்சரிவில் தங்கும் விடுதி நடத்தும் ஓர் இளைஞர் எடுத்தார். வெள்ளைப் புடவையோடு வந்திருந்தால் நீதிபதியோடு அவளும் மூலையில் கிடந்திருப்பாள், நான் கேட்ட விலைக்குக் கிடைத்திருப்பாள். மூக்குத்தியும் தாழம்பூவும் வந்த பிறகு அவள் எங்களுக்கு எட்டாதவளாகிவிட்டாள்.

அந்த இளைஞரிடம் போய் விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர் ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது. ரிசப்ஷனுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது. கெஸ்ட் உள்ள வந்ததும் சிரிச்ச முகம் பாக்கணும். கேட்டா எங்க பரம்பரைத் தறவாட்டு வீட்டு அம்மான்னு சொல்லிக்கலாம்."

"அவருடைய மகள் இன்னும் இருக்கிறார்."

"அப்படின்னா ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. ரூமுக்கு வாடகை வாங்க மாட்டேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தையால் கட்டிலை விட்டு இறங்க முடியாது என்றேன். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நான் கைபேசியில் படம் எடுத்து முடிக்கும்வரை அவரே தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு மறையூரில் தங்கினோம். அறைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். ஞாயிறு காலை வேலுச்சாமி வண்டியைக் கிளப்பியபடி கேட்டார்.

"கெடைக்காதது கெடைக்காததுதானுங்க. அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"போட்டோவைக் காட்ட வேண்டியதுதான்."

"அதுஞ் செரிதானுங்க. முன்னைக்கு இப்ப நகையோட லட்சணமா இருக்கறாங்கன்னீங்கல்ல? பெத்த தாய அப்படிப் பாத்தா யாருக்குத்தான் சந்தோசமா இருக்காது?"

நானும் அப்படித்தான் நம்பினேன். கை நழுவியது பெரிதுதான் என்றாலும், எண்பது ஆண்டுக்கு மேலாகப் பூசிக் கிடந்த ஓர் அநியாயம் பஞ்சு தொட்டுத் துடைக்கப்பட்டிருக்கிறது. அதன் சாட்சியையாவது கொண்டு செல்கிறேன் என்று எண்ணிக்கொண்டே மலை இறங்கினேன். கோபாலபுரம் தாண்டியதும் விட்ட இடத்திலேயே மழை காத்திருந்தது. மலைமேல் குளிர் தோலோடு நின்றுவிடுகிறது. எங்கள் ஊர் ஈரம் சுவர், துணி, தலையணை என்று வீடு முழுவதும் உட்கார்ந்துகொள்ளும்.

பதினொரு மணிக்கு வீட்டை அடைந்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து அத்தை காத்திருந்தார். என் வெறுங்கையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிவிட்டுக் கைபேசியை நீட்டினேன்.

"யாருடி இந்தக் கொழந்தை?"

"உங்கம்மாதான் அத்தை. கல்யாணமான புதுசுல எழுதினது."

"வெள்ளைப் புடவை எங்கே?"

நடந்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னேன். அது பின்னால் பூசப்பட்டது என்பதை, அவர் புண்படாதபடி சொல்ல முயன்றேன். முழுவதும் கேட்டார்.

"அதை எடுத்துட்டாளா?"

"எடுத்துட்டா."

"பூராவுமா?"

"ஆமாம் அத்தை."

"அந்த வெள்ளைப் புடவைத் தலைப்புலதான் நான் மூஞ்சியைத் தொடச்சுப்பேன்," என்றார் அத்தை. திரை அணைந்தது, தொட்டு மறுபடி வெளிச்சமாக்கினேன். அவர் அந்தச் சிரிப்பை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. வாசலில் வந்து நிற்கும் அயல் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார்.

"லட்சணமாத்தான் இருக்கா," என்று கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். "ஆனா இவளுக்கு என்னைத் தெரியாதேடி."