கிளட்ச்சை யார் மிதிப்பது

எங்கள் வீட்டுப் போர்ச்சில் நின்ற பிக்கப் வண்டியைப் பற்றிக் கிள்ளானில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதனால் எலி வருகிறது என்றார். எதிர்வீட்டு அக்கா, அதை எடுத்துவிட்டால் ரோஜாத் தொட்டிகள் வைக்கலாமே என்றார். என் கணவரின் அண்ணன் கருத்தோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய இரும்பு வாங்குகிறவரை இழுவை லோரியோடு கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

எங்கள் திருமணத்துக்கு முன்பிருந்தே என் கணவருக்கு அந்த பிக்கப்பில்தான் தொழில். காப்பாரில் வாழை இலை அறுத்து ஏற்றி, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவார். பிறகு சர்க்கரை நோய் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நாங்கள் அலைந்த காலம் முழுக்க வண்டி அசையவில்லை. நான்கு டயரும் தட்டையாகித் தரையோடு ஒட்டிப்போயிருந்தன.

"இவன் இனிமே எங்க ஓட்டப் போறான்? குடுத்துட்டு இடத்தை கிளீன் பண்ணுமா. டிவி பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

என் கணவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இலையைப் பற்றிக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து வார்த்தை திருப்பிச் சொல்கிற மனிதர் அவர். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவருக்குக் காலுதான் மாமா போச்சு. வாயி இருக்கு. வண்டி அவரு பேருல இருக்கு. அவரையே கேளுங்க" என்றேன்.

"எடுக்கறதா இல்லையா பாஸ்?" என்றார் இரும்புக்காரர்.

ஹாலிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "கேட்டைச் சாத்து. கொசு வருது."

வெயில் ஏறிய நேரத்தில் கொசு எங்கிருந்து வரும்? நான் கேட்டைச் சாத்தினேன். அன்று மத்தியானமே பானெட்டைத் திறந்தோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் முன் டயருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழற்றுவார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மின் பிரிவில் வேலை செய்யும் எங்கள் மகள், எலி கடித்த வயர்களை மாற்றுவாள். கழற்றியது எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தீபாவளி முறுக்குக்கு வைத்திருந்த சிவப்பு மூடிப் போத்தல்களைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டினேன். 'முன் இடது பிரேக்'. 'டைனமோவுக்கு அடியில், நீளமானவை'. 'எங்கே என்று தெரியவில்லை, அப்பாவைக் கேட்க'.

"அம்மாவை விட்டா நட்டுக்கெல்லாம் பேரு வெச்சுக் காது குத்திருவாங்க" என்றாள் மகள்.

"உங்க பெரியப்பாவா இருந்தா எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டுட்டு, அப்புறம் உக்காந்து அழுவாரு" என்றார் அவர்.

ஓட்டுநர் பக்கத்துத் தரைத் தகடு துருப்பிடித்து, கால் நுழைகிற அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. அவர் அதை எட்டிப் பார்த்து, "விழுந்தாலும் எனக்குப் பாதி நஷ்டந்தான்" என்றார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. மகள் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

அந்த ஓட்டைக்கு அவரே அட்டைப்பெட்டியில் அளவு வெட்டிக் கொடுத்தார். தெருமுனைப் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து புதுத் தகட்டைப் பற்றவைத்தார். டீசல் டாங்கியைக் கழற்றி, அடியில் கூழாகக் கிடந்த கசடை வழித்தோம். முதல்முறை இன்ஜின் பிடித்தபோது கிளம்பிய கரும்புகை, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டைகள்மேல் போய்ப் படிந்தது. நான் போய் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, சட்டைகளை வாங்கி வந்து துவைத்துக் கொடுத்தேன். ரோஜாத் தொட்டிக்கு இடம் கிடைக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரரே வண்டியை ஓட்டிப்போய்ப் பரிசோதனையை முடித்து வந்தார். காப்புறுதி, சாலை வரி எல்லாம் வரிசையாகக் கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சை வைத்தேன். அண்ணனையும் அழைத்திருந்தேன். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் அழைத்தேன்.

என் கணவர் செயற்கைக் காலை மாட்டி, பேண்ட் போட்டு, ஸ்டியரிங் முன் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச்சை மிதித்து கியர் போட்டார். செயற்கைக் காலுக்கு மிதி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. சட்டென்று விட்டுவிட்டது. வண்டி துள்ளி முன்னால் பாய்ந்தது. எலுமிச்சைகள் நசுங்கின. கேட்டும் நசுங்கியது.

மறுபடி முயன்றார். இன்ஜின் நின்றுபோனது. இன்னொரு முறையும் நின்றது. பிறகு சாவியை ஜன்னல் வழியாக மகளிடம் நீட்டினார்.

"அப்பா, நான் ஆட்டோ லைசென்ஸ்தான்" என்றாள்.

என்னைப் பார்த்தார்.

"நானுந்தான்" என்றேன்.

எங்கள் இருவருடைய லைசென்ஸும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டுந்தான்; கியர் வண்டியைத் தொட முடியாது. நட்டு ஒவ்வொன்றுக்கும் தாள் ஒட்டிய எனக்கு இது தோன்றவேயில்லை. அந்த இருக்கையில் அவரைத் தவிர வேறு யாரையும் நாங்கள் மூவரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் அண்ணன். கேலியாக அல்ல, வருத்தத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குக் கூடுதல் கோபத்தைக் கொடுத்தது. "இரும்புக்காரன் நம்பர் இருக்கு. கூப்பிடவா?"

"கூப்பிடுங்கண்ணே" என்றார் என் கணவர்.

"யாரும் யாரையும் கூப்பிட வேணாம். திங்கக்கிழமை நான் போய் கியர் லைசென்ஸுக்குப் பேரு குடுக்கறேன்" என்றேன்.

"இந்த வயசுலயா?"

"வயசுக்குத் தடை ஒண்ணும் இல்ல மாமா. படிச்சுப் பாத்துட்டேன்."

படித்துப் பார்த்திருக்கவில்லை. அண்ணன் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன். தடை இல்லை.

ஓட்டுநர் பள்ளியில் என்னைத் தவிர எல்லாரும் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். பயிற்சி கொடுத்தவர், "ஆன்டி, பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக ஆட்டோ போதும்லா" என்றார். "பாசாருக்குத்தான் போறேன். இலை ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றேன். முதல் தேர்வில், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டது. தோற்றேன். வீட்டுக்கு வந்து, இன்ஜின் அணைந்து கிடந்த பிக்கப்பில் ஏறி, கால் மரத்துப்போகும்வரை கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். மிதித்துக்கொண்டே வணக்கம் சொன்னேன். அடுத்த தேர்வில் வண்டி மேட்டில் ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை.

கேட்டை இன்னும் நிமிர்த்தவில்லை. தெருவுக்கு அதைப் பற்றியும் ஒரு கருத்து இருக்கிறது.

முதல் நாள், விடிகிற நேரத்தில் காப்பாரில் இலைக்கட்டுகளை ஏற்றி, ஈரச் சாக்கால் மூடிக் கிளம்பினோம். பிரிக்பீல்ட்ஸை நெருங்கும்போது, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எனக்குப் பின்னால் ஒரு கார், உரசுகிற மாதிரி வந்து நின்றது. வரிசை நகர்ந்தது. என் கணவரின் வலது கை, தன்னை அறியாமல், எங்கள் நடுவில் இருந்த கியர்க் கம்பியின்மேல் வந்து உட்கார்ந்தது.

"கையை எடுங்க."

"நான் சும்மாதான் வெச்சேன்."

"சும்மா வைக்க மடி இருக்கு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளட்ச்சைப் பாதியில் பிடித்தேன். வண்டி நடுங்கியது, பிறகு முன்னால் ஏறியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பின்னால் இருந்த காருக்குக் கேட்காது என்று தெரிந்தும், "பறக்கவா சொல்றே?" என்றார்.

கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்காரர் ஓடி வந்தார். "அண்ணே, நீங்களா? டிரைவர் வெச்சுட்டீங்களா?"

"டிரைவர் இல்ல. வாயைக் குடுத்துராதே, கையை எடுன்னுவாங்க" என்றார் என் கணவர். கைத்தடியை ஊன்றி இறங்கிப் பின்பக்கம் போய்ச் சாக்கை விலக்கினார்.

கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார். "இலை கொஞ்சம் சின்னதா இருக்கே அண்ணே."

"சின்னதா? உன் கடை சோத்துக்கு இதுல பாதி போதும். அப்பளத்தை நொறுக்கிப் போடற ஆளுக்கு இலை அகலம் எதுக்கு? போன வருசம் எவன்கிட்ட வாங்குனே, காட்டு பாப்போம்."

கடைக்காரர் சிரித்தார். என் கணவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை. நான் ஹாரனை அழுத்தினேன். அடுத்த கடைக்கும் இலை போக வேண்டியிருந்தது.