ஆடு தின்ற மணி பிளான்ட்

எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு பழைய கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. வாய் ஓரத்தில் ஓரிடம் சில்லு போயிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதிலிருந்து வழியும் மணி பிளான்ட்டைப் புகழ்ந்துவிட்டு, பாட்டிலை மாற்றக்கூடாதா என்று கேட்பார்கள். மாற்றலாம்தான். எனக்கு அதைக் கொடுத்த ஜீப் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்; அவர் இப்போது இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் ஆசிரியன். தாவரவியல் படித்தவன். என் கையால் அதுவரை ஒரு செடியும் பிழைத்ததில்லை என்பது வேறு விஷயம். மனைவி செங்கத்தில், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. இது மூன்றாவது. அசையாமல் படுத்திருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் தன் பங்குக்கு ஒரு மருத்துவம் சேர்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. உங்க மூஞ்சியப் பாத்தா அவளுக்குப் படபடன்னு வருது. கொஞ்ச நாள் மலையிலயே இருங்க." தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. சவரம் செய்யும்போது அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் வந்தது.

மலையில் ஃபோன் கிடையாது. செங்கத்திலிருந்து யாராவது திருப்பத்தூர் ஜீப் ஸ்டாண்டில் சொல்லிவைத்தால், மாலை ஜீப்பில் செய்தி ஏறி வரும். ஆகவே தினமும் சாயங்காலம் ஜீப் நிற்கும் புளியமரத்தடியில் நான் நின்றேன். செய்தி வரவேண்டும் என்று போய் நிற்பேன். ஜீப் தெரிந்ததும், வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். டிரைவர் இறங்கி, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவார். அதன்பின் சோறு இறங்கும். மார்கழிப் பனி தொடங்கிய ஒரு நாள் அவர் தலையை ஆட்டவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து இந்தப் பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு மணி பிளான்ட் கொடி.

"தெனம் என் மூஞ்சியவே பாத்துக்னு நிக்கிறீங்க சார். எனக்கு வண்டி ஓட்டவே பயமா கீது. இந்தாங்க, இனிமே இத்தப் பாருங்க."

பார்த்தேன். வெளியே வைத்தால் பனி. உள்ளே வைத்தால் இருட்டு. காலையில் வெந்நீரை ஆறவைத்து ஊற்றினேன். பாட்டிலுக்கு என் மப்ளரைச் சுற்றினேன். செடிக்கும் வயிற்றுப்பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் நிரூபிக்கச் சொன்னால் நிரூபித்திருப்பேன். ஆனால் ஒரு இலை மஞ்சளானால், அன்று வகுப்பில் என் குரல் எழும்பாது.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது பாட்டில் இல்லை. மப்ளர் மட்டும் மடித்து வைத்திருந்தது. நான் வாடகைக்கு இருந்த அறையின் வீட்டுக்காரம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "குளுர்ல வெடவெடன்னு கெடந்துச்சி சார். பாவமா இருந்துச்சி. குட்டிங்கள வுட்ற எடத்துல வச்சிருக்கறேன்." அந்த மலைக் குளிரில் நோஞ்சான் குட்டி, சுணங்கிய கோழி, எல்லாமே ஆட்டுக் கொட்டகையின் கதகதப்புக்குத்தான் போகும். என் செடியையும் அவர் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். ஆடுகளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாட்டில் சாய்ந்து, வாய் சில்லு போய்க் கிடந்தது. தண்டில் ஒரு விரல் நீளம்தான் மிச்சம். சினையாடு ஒன்று எச்சில் ஒழுக நின்றது.

கொட்டகைப் புழுக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செங்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றே மனது சொல்லிற்று. அந்த நிலையிலும் உள்ளிருந்த ஆசிரியன் சும்மா இருக்கவில்லை. அந்த இலை ஆட்டு வாயைப் புண்ணாக்கும் என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்காரம்மாவின் முகம் என் முகமாயிற்று. "அய்யோ, சினை சார் அது." அதன்பின் நாங்கள் இருவரும் ஒரே பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். என் செடியால் நோகிற ஆட்டுக்கு நான் கஞ்சித் தண்ணீர் காட்டினேன். தன் ஆடு தின்ற செடியை அவர் அடுப்பு மேடைக்குக் கொண்டுபோய்க் காவல் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்த டிரைவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "வேரு கீதே சார். அதுக்குள்ள இன்னாத்துக்கு எழவு வூடு மாதிரி?"

ஆடு மறுநாளே இரை எடுத்தது. தண்டு அவ்வளவு சீக்கிரம் மனமிரங்கவில்லை. தை பாதி போனபின் ஒரு காலை, வீட்டுக்காரம்மா கூப்பிட்டுக் காட்டினார். கணுவில் சாமை அரிசி அளவுக்குப் பச்சை. செங்கத்திலிருந்து அப்போதும் ஒரு செய்தியும் இல்லை. ஆனாலும் அன்று நான் புளியமரத்தடியில் காத்திருக்கவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, கீழே போகிற ஜீப்பில் ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இப்பதான் சார் மூஞ்சி மனுசன் மூஞ்சியா கீது. போய்ட்டு வாங்க." மாமியாரும் உள்ளே விட்டார். பாட்டிலைத் தலைமாட்டில் வைத்தேன். மனைவி அந்தப் பச்சைப் புள்ளியை வெகுநேரம் பார்த்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே ஒரு உதை.

அந்த உதைக்குச் சொந்தக்காரிக்கு இப்போது ஏழாம் மாதம். தினமும் ஃபோன் செய்கிறேன். முகம் தெரியாத தைரியம்தான். நேற்று அவள் சொன்னாள்: "அப்பா, உன் குரலக் கேட்டா எனக்குப் படபடன்னு வருதுப்பா. அம்மாகிட்ட குடு." கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். பாட்டிலில் தண்ணீர் மாற்றினேன். கொடியில் ஒரு விரல் நீளத்துக்கு, கணுவோடு, மகளுக்கு வெட்டி எடுத்தேன். அவளிடம் வேறு பாட்டில் இருக்கும்.