ஜவளகிரி அருவிக்கு அப்பாவும் வருகிறார்

எங்கள் அப்பாவுக்கு டைபாய்டு கண்ட வருஷத்தில்தான் நாங்கள் ஜவளகிரிக் காட்டு அருவிக்குப் போகத் திட்டம் போட்டோம். காய்ச்சலுக்கும் அருவிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அப்போது ஏழு வயது. நான் கேட்கவில்லை.

மத்திகிரியில், அப்பா வேலை பார்த்த மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. முன்னறைக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். ஓசூரிலிருந்து சைக்கிளில் வந்த டாக்டர், குடல் புண்ணாகியிருக்கிறது, எழுந்து உட்காரக்கூட விடாதீர்கள், சத்தம் கூடவே கூடாது, பிழைத்தால் அதனால்தான் பிழைப்பார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா, நான், தம்பி என்று மூன்று பேர் இருக்கிற வீட்டில் சத்தம் கூடாது என்றால் எப்படி? அம்மா அதட்டினாள், கெஞ்சினாள், முதுகில் ஒன்று வைத்தாள். அடி வாங்கியவன் அழுத சத்தம்தான் மிச்சம்.

அப்புறம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே எங்களைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தளிக்கு அந்தாண்டை, ஜவளகிரிக் காட்டுக்குள்ள ஒரு அருவி இருக்குது. யாரும் போகாத அருவி. அப்பாவுக்குச் சொரம் விட்டதும் போகப்போறோம். ஆனா அது ஆனை இருக்கிற காடு. இப்பவே பழகினவங்களைத்தான் கூட்டிட்டுப் போவேன்."

"என்னா பழகணும் மாமா?"

"பேசாம இருக்க."

காட்டில் ஒரு சொல் பேசினாலும் யானைக்குக் கேட்டுவிடும் என்றார். தம்பி கெட்டிக்காரன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் சண்டை போடுகிறவன். "அப்ப கன்னடத்துல பேசலாமா?" என்றான்.

"ஆனை மைசூர் சீமைக்கும் நம்ம பக்கத்துக்கும் போயிட்டு வர்றது. அதுக்குக் கன்னடம் தெரியும், தெலுங்கு தெரியும், தமிழும் தெரியும்."

"உருது?" என்றாள் அக்கா.

"உனக்கு உருது தெரியுமா?"

"தெரியாது."

"அப்படின்னா உருதுல எவ்வளவு வேணும்னாலும் பேசு."

அன்றிலிருந்து எங்கள் வீடு காடாகிவிட்டது. முன்னறையைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, குதிகால் தரையில் படாமல் நடப்போம். அதற்குப் பெயர் காட்டுநடை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே காட்ட வேண்டும். பசித்தால் வயிற்றில் இரண்டு தட்டு. சண்டை வந்தால் அடிக்கலாம், ஆனால் அடிபட்டவன் கத்தினால் அவனுக்கு அருவி கிடையாது. தம்பி ஒருநாள் அக்காவிடம் கடிபட்டுக் கண்ணில் நீர் வழிய நின்றானே தவிர, வாயைத் திறக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் கொல்லையில் உட்கார்ந்து கிசுகிசுவென்று திட்டம்தான். களி உருண்டை எடுத்துப் போவதா, புளிச்சோறு கட்டுவதா? அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைப்பதா, உப்பு வைப்பதா? தண்ணீர்ச் சொம்புக்குப் பொறுப்பு நான். மாமா எதற்கும் உடனே முடிவு சொல்லமாட்டார். "நாளைக்கு யோசிக்கலாம்" என்பார். நாங்களும் அடுத்த நாள் விடிந்ததும் யோசிக்க வந்துவிடுவோம்.

அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அது எங்கள் பயணத்துக்கு ஒரு இடைஞ்சல் என்ற அளவில் எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மாமா திடீரென்று, "இன்னிக்கு ஒத்திகை. சோத்தைக் கட்டிக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் காட்டுநடை நடக்கிறோம்" என்றார். அவர் முகம் என்னவோ போல் இருந்தது. ஏரிக்கரை ஏறியதும்தான் சொம்பை மறந்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொம்பு என் பொறுப்பாயிற்றே! மாமா வேண்டாம் என்று கையைப் பிடிப்பதற்குள் வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் வரிசை வீட்டுப் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றிருந்தார்கள். நாங்கள் அருவிக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. உள்ளேயிருந்து எங்கள் மாதா கோயில் சாமியார் வெளியே வந்தார். கையில் சின்ன வெள்ளிச் சிமிழ். பிழைப்பது கஷ்டம் என்கிற நோயாளிக்குச் சாமியார் வந்து தைலம் பூசி ஜெபம் சொல்வார். எங்கள் வேதத்தில் அவஸ்தைபூசுதல் என்போம். அதைக் கேட்டாலே பெரியவர்களுக்குக் குலை நடுங்கும். எனக்கு அந்தச் சொல்லே தெரியாது.

"தோஸ்திரம் சாமி! எங்களுக்கு மந்திரிக்க வந்தீங்களா?"

"உங்களுக்கா? எதுக்கு?"

"காட்டு அருவிக்குப் போறோம் சாமி. மாமா கூட்டிட்டுப் போறாரு. அப்பாவுக்குச் சொரம் விட்டதும்."

சாமியார் ஒரு நிமிஷம் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். தைல வாசனை அடித்தது.

"அப்பாவை விட்டுட்டா போவீங்க? அவரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஏரிக்கரைக்குத் திரும்பி ஓடினேன். இந்த முறையும் சொம்பை எடுக்கவில்லை. "மாமா, அப்பாவையும் சேர்த்துக்கணுமாம்! சாமி சொல்லிட்டாரு!"

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பாவுக்குக் காட்டுநடையே தெரியாதே! அவரு ஒரு ஒத்திகைக்குக்கூட வரலை" என்றாள்.

மாமா ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. அவரைச் சேர்க்காமலே திட்டம் போட்டுட்டோம் பாரு. தப்பு நம்ம மேலதான்" என்றார்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் தம்பி நேரே அடுப்படிக்குப் போய், அப்பாவும் வருகிறார் என்று அம்மாவின் காதில் சொன்னான். அதுவரை அம்மா அருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி மாமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிக் கூட்டிட்டுப் போவே?"

"தளியில மாட்டுவண்டி பிடிச்சுக்கலாம் அக்கா. நெறைய வைக்கோல் போட்டு, மெத்துனு படுக்க வச்சு..."

"படுக்க வச்சா?"

"உட்காரக்கூடாதுன்னு டாக்டரு..."

"டாக்டர் கெடக்கட்டும். அவரு உட்கார்ந்துதான் வருவாரு. வண்டி குலுங்குறப்பல்லாம் உன்னைத் திட்டிக்கிட்டே வருவாரு. இன்னொரு தரம் படுக்க வைக்கிறதுன்னு வாயில வந்துது, இதாலயே அடிப்பேன்."

முன்னறைக்குக் கேட்கக்கூடாதே, இவ்வளவு கோபத்தையும் அம்மா கிசுகிசுவென்றுதான் சொன்னாள்.

"சரி அக்கா. உட்கார்ந்தே வரட்டும்" என்றார் மாமா.

"மோர்ச்சோறு தனியாக் கட்டணும். புளிச்சோறு அவருக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

நான் அம்மா கட்சி. அப்பா படுத்துக்கொண்டால் வண்டியில் எங்களுக்கு ஏது இடம்?

அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கஞ்சித் தண்ணீர், குழைந்த சோறு, கட்டிலில் சாய்ந்து உட்காருவது, சுவரைப் பிடித்து நடப்பது என்று அப்பா தேறிவர மழைக்காலம் வந்துவிட்டது. மழை நின்றதும் போனோம். முடியெல்லாம் கொட்டிப்போய் அப்பா தலையில் துண்டு கட்டியிருந்தார். வண்டியில் உட்கார்ந்துதான் வந்தார். வண்டி நின்ற இடத்திலிருந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் மாமாவின் தோளைப் பிடித்து நடந்தார். வழியில் கண்ட மாடு மேய்க்கிறவர்களிடமெல்லாம் மாமா கன்னடத்தில் வழி கேட்டதைப் பார்த்தபோதுதான், அந்த அருவியை அவரே பார்த்ததில்லை என்று தெரிந்தது. அக்கா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அருவி ரொம்பப் பெரியதில்லை. ஒரு பனைமர உயரம்கூட இருக்காது. ஆனாலும் பாறையில் விழுந்து, புகையாய் எழும்பி, எங்கள் முகத்தை நனைத்தது. நாங்கள் மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். யாரும் அதட்டவில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. அவ்வளவு தூரம் வந்தும் அம்மா அருவியைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறையில் சாய்ந்து மோர்ச்சோறு சாப்பிட்ட அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு கவளமாக எடுத்து வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் திரும்பிப் பாரேன்! எவ்வளவு தண்ணி!"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் அம்மா, திரும்பாமலே.

அம்மாவுக்கு அருவி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் தண்ணீரில் இறங்கப் போய்விட்டேன்.