பாலிஷ்காரரின் குதிகால்

மேசை, நாற்காலி, கதவு என்று எந்த மரச்சாமானைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவி, எந்த இடத்தில் இன்னும் சொரசொரப்பு மிச்சம் இருக்கிறது என்று பாலிஷ்காரர் சொல்லிவிடுவார். தன் காலை அப்படித் தடவிப் பார்க்க மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. குளியலறை மூலையில் காய்ந்து கிடக்கும் பழைய சோப்புக் கட்டியில் கறுப்புக் கோடுகள் விழுமே, அவருடைய குதிகால் இரண்டும் அப்படித்தான் இருந்தன. படுக்கையில் காலை நீட்டினால் விரிப்பின் நூலில் மாட்டிக்கொண்டு கர்ரென்று சத்தம் வரும். அவர் மனைவிக்குத் தூக்கம் கலையும். வேலை வேலை என்று ஓடிய காலத்தில், மறுபடி தூங்கிவிடுவாள்.

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் பல வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவள். எழ முடியாதவர்களைக் குளிப்பாட்டி, வேளைக்கு வேளை புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சூட்டோடு முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். தினமும் வெளியே நடக்க வேண்டும், நடக்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும், இறுகினபிறகு வருந்திப் பயனில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அது அவளுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் சிகிச்சைக்கு முன்னால் ஒருமுறை தெருவில் மடங்கி விழுந்திருந்தாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவளுக்கு அதன்பிறகு தனியாக வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். வீட்டில் இருந்த இன்னொரு கை பாலிஷ்காரருடையது.

ஆரம்பத்தில் தெரு முனைவரை போய்வந்தார்கள். பிறகு மருந்துக்கடையோடு திரும்பினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் குறைந்து, பக்கத்து வீட்டு மதில் முடிகிற இடத்திலேயே அவருக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். அடுப்பை அணைத்தோமா என்பார். மேகம் கறுக்கிறது என்பார். அவள் கவனித்துக்கொண்டே வந்தாள். மனிதர் குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தார், தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவரைப்போல. நொண்டுகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இருவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். ஒரு காலையில் கூடத்துத் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் தெரிந்தது. அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலை நீட்டச் சொன்னாள்.

தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். பார்த்த வைத்தியமும் தெரிந்தது. பட்டறையில் இருப்பதிலேயே முரட்டு உப்புத்தாளை எடுத்து, காய்ந்த குதிகாலைக் காய்ந்தபடியே தேய்த்திருக்கிறார். பிறகு பழைய கதவுகளில் பிளவை அடைக்கிற மாதிரி, மெழுகை உருக்கி, சலித்த மரத்தூளைக் கலந்து வெடிப்புக்குள் அப்பி வழித்துவிட்டிருக்கிறார். நிறம்கூடப் பொருத்தமாகத்தான் வந்திருந்தது.

அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லவேளை, மேல வார்னிஷ் அடிக்கல."

"அடிக்கலாமான்னு யோசிச்சேன்," என்றார் அவர்.

அன்றே வேலையை ஆரம்பித்தாள். முதலில் உள்ளே அடைத்திருந்ததை நீக்க வேண்டும். ஊசியையோ கத்தியையோ அவள் எடுக்கவில்லை. அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, காலை ஊறவிட்டு, மெழுகு இளகி வர வர மெல்லிய துணியால் துடைத்து எடுத்தாள். தண்ணீர் இன்னும் சூடாக இருந்தால் இதமாக இருக்கும் என்று அவர் கேட்டதற்கு, இதமாகத்தான் இருக்கும், தோலில் உள்ள கொஞ்சநஞ்ச எண்ணெயும் போய்விடும் என்று மறுத்துவிட்டாள். ஊறியபிறகு, ரத்தம் கசிந்த பக்கத்தை விட்டுவிட்டு, தடித்துப்போன ஓரங்களை மட்டும் கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்தாள். அவருக்குப் பொறுமை இல்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தால் ஒரே நாளில் வழவழவென்று ஆகிவிடும் என்று தொழில்முறை ஆலோசனை சொன்னார். மரம் தேய்த்தால் தேய்ந்தபடி இருக்கும், தோல் அப்படியில்லை, முரட்டுத்தனமாகத் தேய்த்தால் முன்னைவிடத் தடிப்பாக வளரும் என்றாள். ஈரத்தை ஒற்றியெடுத்து, முழுக்கக் காயும் முன்பே வாசலின் களிம்பைத் தாராளமாகப் பூசி, பருத்திக் காலுறை மாட்டிவிட்டாள். ஆழமாக இருந்த ஒரு வெடிப்பின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். சிவந்து வீங்கினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் கட்டினாலோ மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும், நேரே டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று எச்சரித்தாள்.

"சரிங்க நர்சம்மா," என்றார். அவளை வம்புக்கு இழுக்க நினைக்கும்போது அவர் கூப்பிடும் பெயர் அது.

தினமும் சாயங்காலம் இதே பாடு. பட்டறைக்கு விடுமுறை வந்த அன்று குதிகால் கண்ணுக்குத் தெரிய இளகியிருந்தது. இருவரும் மருந்துக்கடைவரை போய்வந்தார்கள். அவளுக்கு முழங்கால் முந்தைய வாரத்தைவிட நன்றாக மடங்கியது. ஆனால் பட்டறை திறந்து இரண்டொரு நாளிலேயே வெடிப்பு மறுபடி வாயைத் திறந்துகொண்டது. நடை மதிலோடு நின்றது. அடுத்த வாரமும் அதே கதை. அவளுடைய முழங்காலும் காலையில் எழுந்ததும் துருப்பிடித்த கீல்போல முரண்டு பிடிக்கத் தொடங்கியது.

அவருக்குச் சர்க்கரை இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சர்க்கரை இருக்கிறவர் காலில் வீட்டு வைத்தியம் பார்ப்பது விளையாட்டு அல்ல. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும் என்று தன்னையே கடிந்துகொண்டு, அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சர்க்கரை இல்லை. எல்லாம் பித்தம், பெயரே பித்தவெடிப்புதானே என்று அவர் தீர்ப்புச் சொன்னார். உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உலாத்துகிறீர்களா என்று கேட்டாள். சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்தால் உண்மையாகத்தான் இருக்கும். பொய்யென்றால் ஞாபகமறதியைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்.

பிறகு ஒருநாள் பட்டறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வழக்கமாக அங்கேயே கைகால் அலம்பிக்கொண்டு வருகிறவர், அன்று அப்படியே வந்து முக்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் காலைத் தூக்கி மடிமேல் இருந்த துண்டில் வைத்தாள். குப்பென்று மூக்கில் ஏறியது.

"இது என்ன வாசனை? தின்னரா?"

ஆமாம் என்றார், அதில் என்ன அதிசயம் என்பதுபோல. பாலிஷ் போடும் அறையில் யாரும் செருப்புப் போடக் கூடாது. செருப்போடு வரும் ஒரு மணல் போதும், ஈரமான வார்னிஷில் போய் ஒட்டிக்கொண்டு ஒருநாள் உழைப்பைக் கெடுத்துவிடும். எல்லாரும் வெறுங்கால்தான். வெறுங்காலில் வார்னிஷ் சொட்டும். வேலை முடிந்ததும் துணியைத் தின்னரில் நனைத்துக் காலை அழுத்தித் துடைத்து, பிறகு அலம்பிவிட்டு வருவார். இத்தனை வருடமாக அப்படித்தான்.

"தினமுமா?"

"வேற எப்படி? கறையோட வந்தா உன் தரை என்னத்துக்காகும்?"

பூசிய வார்னிஷையே உரித்தெடுக்கிற திரவம். சாயங்காலம் அவள் ஊட்டுகிற எண்ணெய்ப்பசையை மறுநாள் சாயங்காலத்துக்குள் அவரே துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக நிம்மதி வந்தது. காரணம் தெரிந்த நோவுதானே பாதி நோவு.

"தரைல கறை பட்டா ஒரு தரம் தொடச்சா போச்சு. உங்க காலைத்தான் எத்தன தரம் தொடச்சாலும் தீரல," என்றாள். "நாளைலேருந்து பின்பக்கம் மூடின செருப்பு. தின்னர் கால்ல படவே கூடாது."

அவர் முகம் சுண்டிப்போனது. செருப்புக் கூடாது என்ற சட்டத்தைப் பட்டறையில் போட்டவரே அவர்தான். முதலாளியே ஒருமுறை மறந்துபோய் செருப்போடு வந்தபோது, இவர் நின்ற இடத்தில் நின்றபடி காலைப் பார்த்துக்கொண்டே இருந்து அவரை வெளியே போகவைத்தவர். இனி எந்த முகத்தோடு அதே அறைக்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போவது? உயிரே போனாலும் முடியாது என்றார்.

அவள் கெஞ்சவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் குறுக்காக நடந்து காட்டினாள். முழங்கால் பாதிக்குமேல் மடங்கவில்லை.

"நீங்க நடக்கலன்னா நானும் நடக்கல. அது உங்களுக்குத் தெரியும்," என்றாள். "இல்லத்துல வேலை செஞ்ச காலத்துலேயே எனக்குத் தெரியும், இது இறுகினா என்னாகும்னு. அப்புறம் என்னைப் புரட்டிப் போட ஆள் தேடணும்."

காலில் உறையை அவரே மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்டிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். அங்கே மெத்தை தைக்கிறவர் ஒரு வாரம் கழித்து வேறு வேலையாக வீட்டுப் பக்கம் வந்தபோது முழுக்கதையையும் அவளிடம் கொட்டினார். பாலிஷ்காரர் புது ரப்பர் செருப்பைப் பையில் கொண்டுவந்து, வாசலிலேயே அடிப்பாகத்தை ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்து, காலுறை போட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறார்.

"அண்ணே, மணல் வராதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"இது வெளிய போகாத செருப்பு. இங்கயே பொறந்து இங்கயே சாகும்," என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்று முழுக்க அவர் கடந்துபோகும்போதெல்லாம் யாராவது எழுந்து நின்று அவர் காலைப் பார்ப்பதும், இவர் பார்க்காததுபோல மரத்தைத் தடவுவதுமாகப் பொழுது போயிருக்கிறது. "ஆனா அண்ணி, வாரம் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேரு அதே மாதிரி வாங்கிட்டாங்க. அவங்களுக்கும் வெடிச்சிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் சொல்லல," என்றார் மெத்தை தைக்கிறவர்.

வெடிப்பு ஒரே மூச்சில் ஆறிவிடவில்லை. பழைய தோல் போய்ப் புதுத்தோல் வர அதற்கான காலம் பிடித்தது. நடுவில் ஒருமுறை, அதுதான் சரியாகிவிட்டதே என்று அவர் பூசுவதை நிறுத்தினார். ஓரங்கள் உடனே வறண்டு வெளுத்தன. அதற்குப்பின் தினமும் கால் அலம்பியதும் வாசலின் டப்பாவைத் தேடுவார். இடம் மாற்றி வைத்திருந்தால் அவளிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு சாயங்காலம் தெரு முனையையும் தாண்டிப் போனார்கள். அங்கே பாலத்துக்கு ஏறும் படிக்கட்டு இருக்கிறது. ஏறலாமா என்று அவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இரண்டு படி ஏறியும்விட்டார். அவருடைய குதிகால் முழுசாகத் தரையில் பதிந்திருந்தது. அவள் கைப்பிடிக் கம்பியை ஒரு கையாலும் அவரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, சிகிச்சை செய்த காலை முதல் படியில் வைத்தாள். மடங்கியது. வலித்தது, ஆனால் மடங்கியது.

"இழுக்காதீங்க, மெதுவா ஏறுங்க," என்றாள். "இது என் கால், கட்டில்கால் இல்ல."

அவர் அந்தப் படியிலேயே நின்றார். அவள் இரண்டாவது படிக்குக் காலைத் தூக்கினாள்.