வலைக்குள்ள கொசு, வெளியில நாங்க

குட்டைத் தண்ணிய போத்தல்ல அள்ளி வச்சா, மறுநாள் ஒரு வாடை வரும்… அழுகுன இலை, ஈர மண்ணு, கொஞ்சம் துரு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல ஒரு லீவு முழுக்க, கடல் தாண்டி இருந்த எங்க ஊரு பிரிக்ஃபீல்ட்ஸ்ல, எங்க வீட்டுக்குள்ள அந்த வாடைதான்.

அப்பா ரயில்வேல கிளார்க். நான் மெட்ராஸ்ல ஜுவாலஜி படிச்சிட்டிருந்தேன். காலேஜ்ல எங்க எல்லாருக்கும் ஒரே மைக்ராஸ்கோப். வரிசையில நின்னு, கண்ண வச்சு, நகந்துடணும். தவளைய அறுக்குறது லெக்சரர் மிஸ். நாங்க தள்ளி நின்னு படம் வரைவோம்.

லீவுக்கு முன்னாடி மிஸ் என்னைக் கூப்பிட்டாங்க.

"உங்க ஊர்ல கொசுவுக்குப் பஞ்சமில்லையே. நீயே புழுவைப் பிடிச்சு வளர்த்துப் பாரு. எந்தத் தண்ணியில எந்தக் கொசு வருதுன்னு எனக்குக் காட்டு. ஒழுங்கா செஞ்சா, லேப்ல உனக்குன்னு ஒரு மேசை தர்றேன்."

எனக்குன்னு ஒரு மேசை… கப்பல்ல வந்த அத்தனை நாளும் அதே நினைப்பு.

அம்மாகிட்ட சொன்னேன். "வயசுப் பொண்ணு சாக்கடையக் கிண்டிக்கிட்டு அலையுறதா? பார்க்குறவங்க என்ன சொல்வாங்க?"

அப்பா பேப்பர்லேருந்து தலையத் தூக்காமலே, "அப்ப நீயும் கூடப் போயேன்"னாரு.

அப்படித்தான் அம்மா என்கூட கிளாங்குக்கு ரயில் ஏறுனாங்க. அங்க ரப்பர் எஸ்டேட் பக்கம் மலேரியா காய்ச்சல் அதிகமா இருந்த காலம். நான் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கரண்டியால தண்ணி மொண்டேன். மரநிழல்ல இருந்த குட்டைத் தண்ணி தனி, வெயில்ல ஓடுன வாய்க்கா தண்ணி தனி. அம்மா குடையப் பிடிச்சிக்கிட்டு, யாரோ எவரோங்குற மாதிரி வேற பக்கம் பார்த்து நின்னாங்க.

கொஞ்ச நேரம் போச்சு… "அந்த வேருக்குக் கீழ பாரு. நிறைய நெளியுது"ன்னாங்க.

வீட்டுக்குப் பின்னால போத்தல்கள அடுக்கி, வாய்க்குத் துணி கட்டி, தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன். புழு உருண்டு கூடாச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்ல கொசு வெளிய வந்துடும்.

அந்த நேரம் பார்த்து நான் கடைக்குப் போயிருக்கேன், சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. வீட்டுல கொசுப்புழு இருந்தா சம்மன் குடுத்து அபராதம் போடுவாங்க.

"எம் பொண்ணு படிப்புக்கு வச்சிருக்கா"ன்னு அம்மா சொல்லிப் பார்த்திருக்காங்க.

"படிப்பா இருந்தாலும் புழு புழுதாம்மா."

நான் திரும்பி வந்தப்ப, காலி போத்தல்… மண்ணுல மண்ணெண்ணெய் வாடை.

வாசப்படியிலயே உட்கார்ந்துட்டேன். அழக்கூட வரல.

அம்மா சேலை மாத்திக்கிட்டு, நேரா இன்ஸ்பெக்டர் ஆபிசுக்குப் போனாங்க. கடைத்தெருவுக்குக்கூட தனியா போகாதவங்க. அங்க என்ன பேசுனாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல.

திரும்பி வந்து, "வீட்டுக்குள்ள, வலைக்குள்ள வச்சு வளர்க்கணுமாம். ஒண்ணு வெளிய பறந்தாலும் சம்மனாம். எந்திரி… காலையில கிளாங் போகணும்"னாங்க.

வீட்டுல இருந்தது ஒரே கொசு வலை, அப்பா அம்மா கட்டில்ல. அதக் கழட்டி மேசைக்கு மேல கட்டுனாங்க. லீவு முடியுற வரைக்கும் கொசுங்க வலைக்குள்ள, நாங்க வெளியில. அப்பா மட்டும் தினமும் காலையில கைய சொறிஞ்சுக்கிட்டே, "உன் படிப்பு எப்படி இருக்கு?"ன்னு கேப்பாரு.

பாதி செத்துப்போச்சு. மிச்சத்த ஊசியில குத்தி, பிஸ்கட் டின்ல வச்சு மெட்ராஸ் கொண்டுபோனேன். நிழல் தண்ணியில வந்தது ஒரு ஜாதி, வெயில் தண்ணியில வந்தது வேற ஜாதி. மிஸ் ரொம்ப நேரம் லென்ஸ் வச்சுப் பார்த்தாங்க. அப்புறம் ஜன்னலோரம் இருந்த மேசையக் காட்டுனாங்க.

நாப்பது வருஷம் எங்கேயோ போயிடுச்சு. பாடம் நடத்தி நானும் ரிடையராயிட்டேன். போன மாசம் பெட்டாலிங் ஜெயா யூனிவர்சிட்டி பிள்ளைங்க சுங்கை பூலோ பக்கம் ஓடையில புழு பூச்சி பிடிச்சு ஆராய்ச்சி பண்றதப் பார்க்க, என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. வேன்ல வந்தாங்க. ஆளுக்கொரு பூட்ஸ், லேப்ல ஆளுக்கொரு மைக்ராஸ்கோப்பாம். பொண்ணுங்க முழங்கால் தண்ணியில நின்னு சிரிச்சுக்கிட்டே வேலை பார்த்தாங்க. துணைக்குன்னு யாரும் வரல. வர வேண்டிய அவசியமும் இல்ல. நல்லதுதான் லா…

"நீங்க வெயில்ல நிக்காதீங்க, வேன்ல உட்காருங்க"ன்னு ஒரு பொண்ணு சொன்னா.

"பரவாயில்லம்மா"ன்னு சொல்லிட்டு, குடைய விரிச்சுப் பிடிச்சிக்கிட்டு, அவங்க கரையேறுற வரைக்கும் அங்கேயே நின்னேன்.